இருபத்திரண்டு நாள்

நாற்றங்காலில் விதை தெளித்தால், பறித்து நடுகிற பதத்துக்கு வர இருபத்தைந்து நாளாவது ஆகும். காரைக்கால் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்லுவார். 1974-இல் புதுச்சேரிச் சட்டசபை அந்த அளவுகூட நிற்கவில்லை. மார்ச் 6-ஆம் தேதி மந்திரிசபை பதவி ஏற்றது; 28-ஆம் தேதி ஜனாதிபதி ஆட்சி வந்துவிட்டது. இருபத்திரண்டே நாள்.

அந்த இருபத்திரண்டு நாள் முதன் மந்திரி எஸ். ராமசாமி, காரைக்கால்காரர். அ.தி.மு.க. முதல் தடவையாக அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தது அவர் உருவத்தில்தான். எம்.ஜி.ஆர். சென்னையில் முதன் மந்திரியாக இன்னும் மூன்று வருஷம் பாக்கி இருந்தது. கட்சிக்கே அப்போது ஒன்றரை வயதுதான். சென்னையில் இந்தச் சமாசாரத்தைச் சொன்னால் பத்திரிகை படிக்கிறவர்களே "அப்படியா?" என்று விழிக்கிறார்கள்.

சபையில் ஜனங்கள் தேர்ந்தெடுத்த அங்கத்தினர்கள் மொத்தம் 30 பேர். புதுச்சேரிக்கு 21, காரைக்காலுக்கு 6, மாஹேக்கு 2, ஏனாமுக்கு 1. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 12. கம்யூனிஸ்டுகள் கைகொடுத்தும் பதினாறு எட்டவில்லை. இரண்டு பேர் குறைந்தார்கள், ராஜ்யம் போயிற்று. சென்னைச் சட்டசபையில் இரண்டு பேர் எழுந்து போனால் காப்பி சாப்பிடப் போகிறார்கள் என்று நினைப்பார்கள்.

இந்தச் சின்னச் சபைகளைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1971 ஜனத்தொகைக் கணக்குப்படி காரைக்காலில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், அங்கத்தினர்கள் ஆறு. அதாவது பதினாறாயிரம் பதினேழாயிரம் பேருக்கு ஒருவர். சுற்றிலும் இருக்கிற தமிழ்நாட்டிலோ ஒன்றே முக்கால் லட்சம் பேருக்கு ஒருவர். வாய்க்கால் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் போனால் எம்.எல்.ஏ. என்பவர் ஜீப்பில் போகிறவர்; இந்தப் பக்கம் அவர் எதிர்வீட்டுக்காரர். அவர் வீட்டில் இன்று என்ன குழம்பு என்பதுகூடத் தெருவுக்குத் தெரியும். புதுச்சேரித் தலைமைச் செயலகம் 130 கிலோமீட்டர் தள்ளி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று வேறு ராஜ்யத்தின் ஊர்களையெல்லாம் தாண்டி இருக்கிறது. மழைக்காலத்தில் ஒரு மனுவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்வருவது லேசில்லை. அதற்குப் பதிலாகத்தான் அந்த ஆறு திண்ணைகள்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவரைக் காரைக்காலில் 'சொல்தா' என்பார்கள். அப்படி ஒரு பெரியவரோடு பல வருஷங்களுக்கு முன்னால் பேசிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு நாள் பேச்சு வந்தது.

"இது என்ன அதிசயம், தம்பி? பிரான்சில் நான் இருந்தப்போ மந்திரிசபை மாசத்துக்கு ஒண்ணு விழும்" என்றார்.

பெரியவர் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார். நாலாவது குடியரசு பன்னிரண்டு வருஷத்தில் இருபதுக்கு மேற்பட்ட மந்திரிசபைகளைப் பார்த்தது.

"அங்கே மந்திரிகள் போனாலும் சபை இருந்ததே, ஐயா?" என்றேன்.

அவர் யோசித்தார். "அது சரிதான். இங்கே எலி புகுந்ததுக்கு வீட்டையே இடிச்சுட்டாங்க."

மந்திரிசபை விழலாம். அதற்குத்தானே சபை இருக்கிறது? ஒன்று போனால் இன்னொன்றை உண்டாக்கிக்கொள்ளும். இங்கே சபையே போய்விட்டது. 1977 ஜூலை 2 வரை, மூன்றே கால் வருஷம், லெப்டினன்ட் கவர்னர் ஆட்சி. பக்கத்துத் திருநள்ளாற்றுச் சனிபகவான்கூட ஒரு ராசியில் இரண்டரை வருஷத்துக்கு மேல் உட்காருவதில்லை. பிறகு மறுபடியும் ராமசாமியே வந்தார். 1978 நவம்பரில் அதுவும் கவிழ்ந்தது. 1980 ஜனவரி வரை மீண்டும் பழைய கதை. ஏறக்குறைய ஆறு வருஷத்தில் சபை உயிரோடு இருந்தது பதினேழு மாதம்.

அந்த வருஷங்கள் சாமானிய வருஷங்களாக இருந்தாலும் போகட்டும் என்று விடலாம். 1924-ஆம் வருஷத்துக் காவிரி உடன்படிக்கைக்கு 1974 பிப்ரவரியில்தான் ஐம்பது வருஷம் நிறைந்தது. கடைமடையில் கிடக்கிற காரைக்காலுக்கு எத்தனை தண்ணீர் என்று வாய் திறந்து கேட்க வேண்டிய வேளை. கேட்பதற்கு ஜனங்கள் அனுப்பிய ஆள் இல்லை. 1991-இல் நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவில் 6 டி.எம்.சி. என்றும், 2007 தீர்ப்பில் 7 டி.எம்.சி. என்றும் எழுத்தில் வந்தது. ஆறு பேரும் பதவியில் இருந்திருந்தால் முன்னமே வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்டிருப்பார்கள். சபைக்குறிப்பிலாவது ஏறியிருக்கும்.

ஆறு இப்போது ஐந்தாகிவிட்டது. தொகுதிகளைத் திருத்தி அமைத்ததில் கோட்டுச்சேரித் தொகுதி மறைந்துபோய், 2011 தேர்தலிலிருந்து காரைக்காலுக்கு ஐந்தே பேர். அதே 2011 கணக்கில் ஜனங்கள் இரண்டு லட்சம்.

சொல்தா இன்னொன்றும் சொன்னார். சபை கலைந்த பிறகும் அவர் தெரு ஜனங்கள் பழைய அங்கத்தினர் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லையாம். "நான் இப்போ ஒண்ணுமில்லைங்க" என்று அவர் கும்பிடுவாராம். "அதனால் என்ன, எழுதிக் கொடுங்க" என்று திண்ணையில் உட்கார்ந்துகொள்வார்களாம். அவரும் கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு முழுத்தாளை மடித்து, விலாசத்தில் யார் பெயரைப் போடுவது என்று கேட்பாராம்.