வாடைக் காலத்து அத்தர்

கல்லூரியில் படிக்கும் நம் தோழர்கள் பலர் இப்போது அத்தர் பூசிக்கொண்டு கூட்டங்களுக்கு வருகிறார்கள். சிலர் ஆம்பூர் கடைத்தெருவில் மூன்று மில்லி குப்பி வாங்குகிறார்கள். சிலர் இணையத்தில் வரவழைக்கிறார்கள். இணையத்தில் ‘இலையுதிர் கால வாசனைகள்’ என்று தனி வரிசையே விற்கிறது. அந்தக் குப்பிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஈரமண், விறகுப் புகை, காய்ந்த இலை, புகையிலை, தோல்.

ஆமாம், தோல்.

வேலூர் மாவட்டம் ஒடுகத்தூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்தப் பட்டியலில் எதுவும் புதிதில்லை. இவை எல்லாமே எங்கள் தெருவில் இருந்தன. இவற்றைச் சொல்லித்தான் எங்களைத் தள்ளி உட்கார வைத்தார்கள்.

முதலில் காலத்தைப் பற்றிப் பேசுவோம். ஐரோப்பாவில் அக்டோபரில் இலை உதிரலாம். ஜவ்வாது மலையில் இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர் காலம், அடைமழைக் காலம். உத்திர காவிரியில் தண்ணீர் வருகிறதா என்று ஊரே எட்டிப் பார்க்கும் காலம். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் கால் வைக்க இடமிருக்காது. சேறும் புழுக்கையும் நனைந்த ஆட்டு மயிரும் சேர்ந்து ஒரு வாசனை எழும். பண்டிகை முடிந்த கையோடு உப்புத் தடவிய தோல்கள் வண்டி ஏறும். ஷூ கம்பெனி வேனிலிருந்து இறங்கும் நம் அக்காக்களின் கைகளில் பசை வாசனை இருக்கும்.

இந்தக் காலத்தில் வடக்கிலிருந்து வீசும் குளிர்ந்த காற்றுக்கு நம் பழைய இலக்கியம் வைத்த பெயர் வாடை. இன்று அதே சொல்லைத் துர்நாற்றத்துக்கும் சொல்கிறோம். ‘நாற்றம்’ என்ற சொல்லும் ஒருகாலத்தில் நறுமணத்தைக் குறித்ததுதான். சொற்களே இப்படித் தலைகீழாகும்போது, மூக்கு சொல்வதை மட்டும் எப்படி இயற்கை என்று நம்புவது?

நாங்கள் படித்த பள்ளியில் மழை நாளில் சன்னல்களைச் சாத்திவிடுவார்கள். “தோல் வாடை அடிக்குது, நீங்கல்லாம் பின்னாடி போய் உக்காருங்க” என்பார்கள். பின் வரிசைக்குப் போன எங்களில் பாதிப்பேர் வீட்டில் யாருமே தோல் ஷாப்பில் வேலை செய்யவில்லை. அப்பா கட்டட வேலை, அம்மா களையெடுப்பு. அப்படியானால் அவர்களுக்கு அடித்த வாடை எது? வருகைப் பதிவேட்டில் இருந்த எங்கள் தெருவின் பெயர்தான். சாதி முதலில் காதில் விழுகிறது. அதற்குப் பிறகுதான் மூக்குக்கு வருகிறது.

தோல் ஷாப்பில் நாற்றமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. இருக்கிறது, கடுமையாக இருக்கிறது. முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். மூடிய தொட்டிக்குள் அது ஆளைக் கொல்லும். 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, சேறு புகுந்ததில் 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பாலாற்றைக் கெடுத்தவர்களே ஈடு கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அதே பாலாற்றுக்காக 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. இந்த நாற்றம் ரசாயனத்திலிருந்தும், செலவை மிச்சம் பிடிக்கும் லாபத்திலிருந்தும் வருகிறது. ஆனால் ஊர் அதைத் தொழிலாளியின் உடம்பில் எழுதி வைத்திருக்கிறது.

இதே தொழில் வேறொரு நாட்டில் என்ன ஆனது என்று பாருங்கள். பிரான்சின் தெற்கே கிராஸ் என்று ஒரு ஊர். அது தோல் பதனிடுவோரின் ஊர். அங்கே தைத்த கையுறைகளில் தோல் நாற்றம் அடிக்கிறது என்று பிரபுக்கள் முகம் சுளிக்க, கையுறைக்கு மல்லியும் ரோஜாவும் ஏற்றினார்கள். பிறகு தோல் தொழில் தேய்ந்தது, வாசனைத் தொழில் நின்றது. கிராஸ் இன்று உலகின் வாசனைத் தலைநகர். அதன் வாசனைக் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே தொழில் மாறியதும் ஊரின் பெயர் மணத்தது. இங்கே தொழிலை விட்டு மூன்று தலைமுறை ஆனாலும் தெருவின் பெயர் மாறுவதில்லை.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜில் முதல் மழையின் வாசனையை எண்ணெயாக எடுக்கிறார்கள். பெயர் மிட்டி அத்தர். சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் போட்டு வேகவைத்து, அந்த ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெய்க்குள் இறக்குகிறார்கள். 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் மழை வாசனைக்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயர் சூட்டினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே கன்னோஜ்காரர்கள் அதைக் குப்பியில் பிடித்துவிட்டார்கள்.

எந்தக் குப்பியில் என்பதுதான் விஷயம். வடித்த அத்தரில் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும். கண்ணாடியில் அடைத்தால் அது வெளியேறாது. அதனால் தோலில் தைத்த குப்பியில் ஊற்றி வைப்பார்கள். ஈரம் தோல் வழியே கசிந்து போய்விடும், வாசனை மட்டும் உள்ளே நிற்கும். நாட்டின் மிக மென்மையான மணம் முதிர்வதற்கு ஒரு விலங்கின் தோல் வேண்டும், அதை உரித்துப் பதப்படுத்தித் தைக்கும் கைகள் வேண்டும். அத்தரைப் புகழ்பவர்கள் அந்தக் கைகளைப் பற்றிப் பேசி நாம் கேட்டதில்லை.

சரி, அத்தர் பூசலாமா, கூடாதா? தோழர்கள் சிலர், “இது நம்மை மறைத்துக்கொள்வது இல்லையா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். 1927 டிசம்பரில் மகாடில் கூடிய பெண்களிடம், தீண்டாமையின் அடையாளமாகிப் போன உடையையும் நகையையும் விட்டுவிடச் சொன்னார் அண்ணல் அம்பேத்கர். சாதி நம் உடம்பில் மாட்டிய அடையாளத்தைக் கழற்றி எறிவது மறைப்பது ஆகாது. நமக்கு என்ன பிடிக்கும் என்பதை நாமே முடிவு செய்வதும் உரிமைதான். ஐப்பசிக் குளிருக்கு மசாலாவும் வேரும் சேர்ந்த ஷமாமா நன்றாக இருக்கும். மழை விட்ட மாலைக்கு மிட்டி. சந்தோஷமாகப் பூசுங்கள்.

ஆனால், “மணமாக வா, சமமாக நடத்துகிறேன்” என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது முடிவே இல்லாத தேர்வு. இன்றைக்கு வாசனை கேட்பான், நாளைக்கு நிறம் கேட்பான், அடுத்து உச்சரிப்பு கேட்பான். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிவிட்டு அப்படியே வரும் தொழிலாளிக்கும் டீக்கடையில் அதே தம்ளர், பேருந்தில் அதே இருக்கை. நாம் கேட்பது அது. கூடவே கையுறையும் முகக்கவசமும் காற்றோட்டமும் தொட்டியில் மனிதர் இறங்காத இயந்திரமும் கேட்கிறோம்.

கடைசியாக ஒன்று, இது நமக்குள் பேச வேண்டியது. மாலை ஆறு மணிக்கு ஒடுகத்தூர் பேருந்தில், நாள் முழுக்கத் தோலோடு நின்ற ஒரு அக்கா நம் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார். அத்தர் பூசிய நாம் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிறோமா, அல்லது “வேலை எப்படிக்கா, ஓ.டி. காசு வந்துச்சா?” என்று கேட்கிறோமா? அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவையும் அழைத்து வாருங்கள். வேலை முடிந்து நேராக வரட்டும், முன் வரிசையில் உட்காரட்டும்.