கடைசி வரிசைக் காவலன்

காற்பந்து என்றதும் நம்மில் பலருக்கு மலேசியக் கிண்ணமும் மான்செஸ்டர் யுனைடெட்டும்தான் நினைவுக்கு வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விடுதிக்கு வந்த பிறகு, அறைத்தோழன் ஒருவனால் அமெரிக்கக் காற்பந்துப் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

அங்கே ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ என்றொரு தேர்வு நடக்கும். கல்லூரிகளில் ஆடிய இளைஞர்களை 32 தொழில்முறைக் குழுக்கள் 7 சுற்றுகளில் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய குழுவுக்கே முதல் வாய்ப்பு. யாரை முதலில் எடுப்பது என்பதில்தான் சண்டையே! ‘சேஃப்டி’ ஆட்டக்காரரை முதல் சுற்றிலேயே எடுக்கலாமா என்று எங்கள் அறையில் ஒரு பட்டிமன்றமே நடந்தது. நடுவர் மட்டும்தான் இல்லை.

தற்காப்பு ஆட்டக்காரர்கள் 11 பேரில், பெரும்பாலும் எல்லாருக்கும் பின்னால் நிற்பவர்கள் சேஃப்டிகள். மற்றவர்களைத் தாண்டி வருபவனை இவர்கள்தான் மறிக்க வேண்டும். இவர்கள் கோட்டை விட்டால் எதிரணிக்கு 6 புள்ளிகள்.

“ஜமால் ஆடம்சைப் பார்த்துமாடா புத்தி வரல?” என்றான் அறைத்தோழன். 2017-இல் நியூயார்க் ஜெட்ஸ் 6-ஆவதாக எடுத்த வீரர் அவர். 2020-இல் சியாட்டல் சீஹாக்ஸ், தன் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகளோடு வேறு சிலவற்றையும் கொடுத்து அவரை வாங்கியது. பிறகு காயத்துக்கு மேல் காயம். 2024-இல் விடுவித்துவிட்டது.

நான் கைல் ஹாமில்டனை இழுத்தேன். 2022-இல் அவர் 40 கஜத்தை 4.59 விநாடியில் ஓடினார். சேஃப்டிக்கு இந்த வேகம் போதாது என்று பேச்சு எழுந்தது. முதல் ஐந்து இடங்களுக்குள் பேசப்பட்டவர், 14-ஆம் இடத்தில் பால்டிமோர் ரேவன்ஸுக்குக் கிடைத்தார். அடுத்த ஆண்டே ‘ஆல்-புரோ’ முதல் அணியில் இடம். 2025-இல் நான்காண்டுகளுக்கு 100 மில்லியன் டாலருக்கும் மேலான ஒப்பந்தம்.

பக்கத்து அறை அண்ணன் சிரித்தார். “2010-ல சியாட்டல் ரெண்டு சேஃப்டி எடுத்துச்சு. ஏர்ல் தாமஸ் 14-ஆவது ஆளு. கேம் சான்சலர் 133-ஆவது ஆளு. 2014-ல சூப்பர் பவுல்ல டென்வர 43-க்கு 8னு அடிச்சப்ப ரெண்டு பேருமே தூணு. இப்பச் சொல்லுங்க, யார் கட்சி ஜெயிச்சது?”

இருவரும் வாயடைத்துப் போனோம். யோசித்துப் பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. பின்களத்தின் நடுப்பகுதி முழுவதையும் தாமஸ் தனியாளாகக் காத்ததால்தான் சான்சலரால் துணிந்து முன்னே வந்து மோத முடிந்தது. தான் நிற்பதாலேயே மற்றவர்கள் நிற்கும் இடத்தை மாற்றக்கூடியவர் கிடைத்தால் முதல் சுற்றிலேயே எடுக்கலாம்; மற்றவர்களுக்குக் காத்திருக்கலாம். 2023-இலும் 2024-இலும் ஒரு சேஃப்டிகூட முதல் சுற்றில் போகவில்லை.

நான் ஏன் இவ்வளவு வரிந்து கட்டினேன்? என் அப்பா ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவலர். காலையில் வீடு திரும்பி, “ஒன்னும் நடக்கலப்பா” என்பார். அவர் வேலையைச் சரியாகச் செய்தார் என்பதற்கு அது ஒன்றே சாட்சி. நடக்காத திருட்டுக்கு யாரும் போனஸ் கொடுத்ததில்லை. சேஃப்டியின் நிலையும் இதுதான். அவர் சரியான இடத்தில் நின்றால் எதிரணி பந்தை அந்தப் பக்கம் வீசவே வீசாது. கணக்கேட்டில் அவர் பெயருக்கு நேரே எதுவும் ஏறாது.

நண்பர்களே, நாளை நம்மில் சிலர் ஆள் தேர்ந்தெடுக்கும் நாற்காலியில் அமரக்கூடும். சிலர் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறார்கள். புள்ளிகளையும் சான்றிதழ்களையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளை இருந்த இடத்தில் என்னென்ன தவறுகள் நடக்காமல் போயின என்பதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.