365 படிகளும் ஒரு ஜோடி செருப்பும்

திருத்தணிக்குப் போகலாம் என்றதும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, ரயிலா காரா என்பது. அடுத்தது, இட்லி கட்டிக்கொண்டு போவதா, வழியில் பார்த்துக்கொள்வதா. காலில் என்ன போட்டுக்கொண்டு போவது என்று யாரும் யோசிப்பதில்லை. வாசலில் எது கிடக்கிறதோ அதை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். ஐப்பசி, கார்த்திகை மழை நேரமாக இருந்தால் மட்டும், கல்லூரியில் படிக்கும் பிள்ளை சொல்லும்: "அம்மா, லைட் வெயிட் வாட்டர்ப்ரூஃப் ஷூ ஒண்ணு ஆன்லைன்ல ஆர்டர் பண்ணிடலாமா?"

பண்ணலாம்தான். அதற்கு முன் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

முருகனின் ஐந்தாம் படைவீடு திருத்தணி. சூரனை வென்ற பிறகு சினம் தணிந்து அவர் அமர்ந்த மலை என்பதால் தணிகை. மலைக்கு 365 படிகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று என்று கணக்குச் சொல்வார்கள். படியேறுகிற பக்தர்கள் செருப்பைக் கீழேயே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு படியும் வணங்கத்தக்கது என்பது நம்பிக்கை. டிசம்பர் 31 அன்று நடக்கும் படித்திருவிழாவில் படிகளுக்கு மஞ்சள், குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஏறுவார்கள். இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள்.

ஆக, எத்தனை ஆயிரம் கொடுத்து ஷூ வாங்கினாலும், பயணத்தின் முக்கியமான பகுதியில் அது உங்கள் காலில் இருக்கப்போவதில்லை. காலில் இருக்கப்போவது படிக்கு முன்னும் பின்னும்தான். ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், கடைவீதி, மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை, நந்தியாற்றங்கரையில் பல்லவர் காலத்து வீரட்டானேஸ்வரர் கோயில். கோயிலுக்குக் கோயில் கழற்றி, மாட்ட வேண்டும். கயிறு கட்டும் ஷூ என்றால் ஈரத்தில் குனிந்து முடிச்சை அவிழ்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வாட்டர்ப்ரூஃப் என்றால் என்ன?

இந்த ஷூக்களின் உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கும். அதிலுள்ள நுண்துளைகள் மழைத்துளி நுழைய முடியாத அளவு சிறியவை. ஆனால் வியர்வை ஆவியாகி வெளியேறும் அளவுக்குப் போதுமானவை. வெளியே குளிராகவும் காற்று உலர்ந்தும் இருந்தால் இது நன்றாக வேலை செய்யும். நம் ஊர் புழுக்கத்தில் வெளியேயும் ஈரம், உள்ளேயும் ஈரம். ஆவி வெளியேறத் திணறுகிறது. கால் மழையில் நனையாமல் வியர்வையில் நனைகிறது.

இன்னொன்றும் உண்டு. வடகிழக்குப் பருவமழை சாரலாகப் பெய்வதில்லை, கொட்டித் தீர்க்கும். முழங்கால் வழியாக வழியும் தண்ணீர் ஷூவின் வாய் வழியாகவே உள்ளே இறங்கும். தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றால் கேட்கவே வேண்டாம். வெளியே இருந்து நீர் நுழையாத ஷூவில் உள்ளே போன நீரும் வெளியேறாது. ஒரு நாளில் காயாது.

எனவே இந்தப் பயணத்துக்குத் தண்ணீரைத் தடுக்கும் ஷூவைவிட, வந்த தண்ணீரை வெளியேவிட்டுச் சீக்கிரம் காய்கிற காலணியே நல்லது. பின்னால் வார் உள்ள ரப்பர் அல்லது இ.வி.ஏ. சாண்டல், அல்லது வலைத்துணி ஷூ. குளிர்ப் பிரதேசப் பயணத்துக்குத்தான் சவ்வு வைத்த ஷூ முழுப் பலன் தரும்.

கடையில் என்ன பார்ப்பது?

எடை: ஒரு காலணியில் 200 கிராம் குறைந்தால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரு நாளில் பத்தாயிரம் அடி நடந்தால் ஒவ்வொரு காலும் ஐயாயிரம் முறை தூக்கப்படுகிறது. கூட்டிப் பாருங்கள், ஒரு காலுக்கு ஆயிரம் கிலோ!

அளவு: நடந்தபின் பாதம் சற்று வீங்கும். அதனால் மாலையில் போய் வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

அடிப்பாகம்: ஆழமான வரிகள் வேண்டும். வழுவழுப்பான அடிப்பாகம் ஈரக் கருங்கல்லில் சறுக்கும். கையால் வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் அல்ல.

பழக்கம்: பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே வீட்டைச் சுற்றி நடந்து பழக்குங்கள். புதுச் செருப்புக் கடி படியேறும்போதுதான் தெரியும்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க

காலணிப் பேச்சில் உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது இதுதான். பல வருடச் சர்க்கரை நோயில் சிலருக்குப் பாத உணர்ச்சி குறைந்துவிடும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் திருத்தணி. மதிய வெயிலில் சுட்ட கல் மற்றவர்களைத் துள்ளி ஓடவைக்கும். இவர்களுக்குத் தெரியவே தெரியாது. கொப்புளம் வந்து புண்ணான பிறகுதான் தெரியும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் வேகமாக நிழலுக்கு ஒதுங்கவும் முடியாது.

உணர்ச்சியற்ற பாதங்களுக்கு எப்படிச் செருப்பு செய்வது என்பதில் வழிகாட்டிய ஊர் பக்கத்திலிருக்கும் வேலூர்தான். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் பால் பிராண்ட், மென்மையான ரப்பர் காலணிகளால் அவர்களின் பாதங்களைக் காக்க உழைத்தார். இன்று எம்.சி.ஆர். செருப்பு என்ற பெயரில் அந்த வகை, சர்க்கரை நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது.

வீட்டில் அப்படி ஒரு அப்பாவோ அத்தையோ இருந்தால் படிகளை விட்டுவிடுங்கள். மலைமேல் வரை வண்டிப் பாதை இருக்கிறது. விடியற்காலையில் போய் வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். செருப்பைச் சந்நிதிக்கு எவ்வளவு அருகில் கழற்ற முடியுமோ அங்கே கழற்றச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் பாதத்தையும் விரல் இடுக்கையும் பாருங்கள். குனிய முடியாதவருக்கு உங்கள் செல்போனில் ஒரு படம் எடுத்துக் காட்டினால் போதும். சிறு கீறலோ கொப்புளமோ இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

பையில் இருக்கட்டும்

ஒரு சின்னத் துண்டு: ஈரக்காலோடு செருப்பில் நுழைக்காமல் துடைத்துக்கொள்ள. ஒரு துணிப்பை: செருப்பைப் போட்டு டோக்கன் வாங்க. பழைய செய்தித்தாள் நாலு: நனைந்த ஷூவுக்குள் திணித்தால் ஈரத்தை உறிஞ்சும். ஈரக்கல்லில் காலுறையோடு நடக்காதீர்கள், வழுக்கும். படியில் வெறுங்காலே பிடிமானம்.

மற்றபடி, விலை அதிகமான ஷூவை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அதைக் கீழே வைத்துவிட்டுப் படியேறினால், மேலே சந்நிதியில் கண்ணை மூடினாலும் மனம் அடிவாரத்துச் செருப்புக் கடையில்தான் நிற்கும்!