தண்ணீர் என்றுதான் நினைத்தேன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து நாள் யோசித்தேன். படிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

விதைப்பையில் வலப்பக்கம் ஒரு வீக்கம். வலி கிடையாது. அப்பாவுக்கு ஓதம் இருந்ததால் எனக்கும் அதுதான் என்று முடிவு செய்து, இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டிக்குள் யாருக்குத் தெரியும்? தெரிந்த ஒருவர் மட்டும், "ஊசி போட்டு உறிஞ்சிடலாம் சார், அஞ்சு நிமிஷ வேலை" என்றார். நல்லவேளை, அதற்கும் வெட்கப்பட்டுப் போகவில்லை.

கடைசியில் மனைவிதான் கண்டுபிடித்தாள். "எங்கிட்டகூடச் சொல்லலையாங்க?" என்று அழுதாள். மறுநாளே செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் பேருந்து ஏறினோம்.

மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டு, வீக்கத்தின் பின்னால் டார்ச் வைத்துப் பார்த்தார். தண்ணீராக இருந்தால் பை முழுக்கச் சிவப்பாக ஒளிரும். எனக்கு இருட்டாகவே இருந்தது. ஸ்கேனில் கட்டி என்று தெரிந்தது.

பையில்தான் வெட்டுவார்கள் என்று பயந்திருந்தேன். இல்லை, தொடை இடுக்கில்தான் வெட்டினார்கள். கட்டி, விதை, அதைத் தாங்கும் நாண் மூன்றையும் ஒன்றாக மேலே இழுத்து எடுத்தார்கள். பையைக் கிழித்தாலோ ஊசியால் குத்தினாலோ கட்டியின் அணுக்கள் சிதறி, அங்கேயே மறுபடி வளரக்கூடுமாம். அந்த அஞ்சு நிமிஷ ஊசியை நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

பரிசோதனையில் லைப்போசார்கோமா என்று வந்தது. கொழுப்புத் திசுவில் வரும் புற்று. அந்த இடத்தில் வருவது மிக அபூர்வமாம். என்னுடையது மெதுவாக வளரும் வகை, ஆனால் பல வருடம் கழித்துக்கூட அதே இடத்தில் திரும்பலாம். அதனால் தவறாமல் ஸ்கேனுக்குப் போய்வருகிறேன். ஒரு விதை போனதில் நடமாட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. வெளியில் சொல்லத்தான் கூச்சமாக இருந்தது.

போன மாதம் பேருந்து நிலையத்தில் பழைய அலுவலக நண்பரிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தவர், "எனக்கும் இருக்கு சார். மூணு வருஷமா" என்றார்.

நானே கூட்டிப் போனேன். டார்ச் வைத்ததும் பை ஒளிர்ந்ததாம். ஸ்கேனும் தண்ணீர் என்றே சொன்னது. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குத் தண்ணீர், எனக்குக் கட்டி. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டாம், போய்க் காட்டிவிடுங்கள்.