வைகறை வேண்டலும் வகுப்புப் புலனமும்



இறைவேண்டலுக்கு இன்றைய இடையூறு எது என்று கேட்டால், எவரும் தயங்காமல் கைப்பேசியைச் சுட்டுவர். நானும் சுட்டுவேன். ஆயினும், குற்றவாளியை இத்தனை எளிதில் பிடித்துவிட்டோமே என்னும் ஐயமும் எனக்கு உண்டு. கைப்பேசி தோன்றுவதற்கு ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நோயைப் பற்றி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் பெயர் எவாகிரியஸ். கான்ஸ்டாண்டிநோபிள் மாநகரில் திருச்சபைப் பணியாற்றிய கல்விமான். அதனைத் துறந்து, எகிப்தியப் பாலைவனத்தில் கெல்லியா என்னுமிடத்தில் துறவியாக வாழ்ந்து, 399ஆம் ஆண்டில் மறைந்தார். தனிக்குடிலில் ஜெபத்தில் அமர்ந்திருக்கும் துறவியை நண்பகலில் தாக்கும் சோர்வை அவர் வருணிக்கிறார். கதிரவன் நகராமல் நின்றுவிட்டதைப் போலத் தோன்றுமாம். ஒரு பகல் ஐம்பது மணி நேரமாக நீளுமாம். துறவி ஓயாமல் சாளரத்தையே பார்ப்பார். வெளியே வந்து, உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று சூரியனை அளப்பார். எவரேனும் வருகிறார்களா என்று சுற்றுமுற்றும் நோக்குவார். சாளரம் இருந்த இடத்தில் ஒரு கையகலத் திரையை வைத்துவிட்டால், நம் ஆசிரியர் அறைக் காட்சி ஆகிவிடும்!

இதே நோயைப் பற்றிப் பின்னர் எழுதிய ஜான் காசியன் கூறும் ஒரு செய்திதான் என்னை உலுக்கியது. இச்சோர்வு துறவியிடம் 'சோம்பியிரு' என்று சொல்வதில்லையாம். 'நோயுற்ற சகோதரரைப் போய்ப் பார். துணையற்ற பெண்மணிக்கு உதவி செய். இங்கே சும்மா உட்கார்ந்திருப்பதைவிட அது புண்ணியம்' என்று சொல்லுமாம். கவனச்சிதறல் கடமையின் முகத்தோடு வருகிறது என்பதே இதன் பொருள். கேளிக்கையின் முகத்தோடு வருவதை இனங்காண்பது எளிது. முடிவின்றி உருண்டுகொண்டே இருக்கும் திரையை 2006ஆம் ஆண்டில் உருவாக்கிய ஏசா ராஸ்கின் என்னும் வடிவமைப்பாளரே பின்னாளில் அதற்காக வருந்தினார். வேடிக்கைக் காணொளிகளை இறைவேண்டலுக்காக ஒதுக்கி வைப்பதில் எனக்குப் பெரிய போராட்டம் இருந்ததில்லை. என் போராட்டம் வகுப்புப் புலனக் குழுவோடு.

18 மார்ச் 2020இல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின், வகுப்பறையே கைப்பேசிக்குள் குடியேறியது. பள்ளிகள் திறந்தன, குழுக்கள் கலையவில்லை. என் மாணவர்களின் பெற்றோருள் பலர் தொழிற்சாலைகளில் முறைமாற்றி வேலை செய்பவர்கள். விடியும் முன் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி அமர்ந்ததும்தான் அவர்களுக்கு ஓய்வு. "டீச்சர், பையனுக்கு இரவெல்லாம் காய்ச்சல்", "டீச்சர், நேற்றைய கணக்குப் பாடம் எந்தப் பக்கம்?" என்று அப்போதுதான் எழுதுவார்கள். அதற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. என் ஜெப வேளையும் அதுவே. அருகிலுள்ள சுராவிலிருந்து சுபுஹ் அழைப்பொலி எழும் நேரத்தில் நானும் வேதாகமத்தோடு அமர்கிறேன். அந்த வேதாகமமும் சில ஆண்டுகளாகக் கைப்பேசிக்குள்தான் இருந்தது. சங்கீதத்தின் மேலேயே காய்ச்சற் செய்தி வந்து விழும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைக் காத்திருக்க வைத்துவிட்டு ஜெபிப்பது முறையா?

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை இக்கேள்வியோடு வாசித்துப் பாருங்கள். முந்திய மாலை, கப்பர்நகூம் ஊரே வீட்டு வாசலில் கூடியிருந்தது. அத்தனை பேரும் உண்மையான நோயாளிகள். மறுநாள் இருட்டோடே எழுந்து இயேசு தனியிடம் சென்று ஜெபிக்கிறார். சீமோனும் உடனிருந்தவர்களும் தேடிக் கண்டுபிடித்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கின்றனர். இன்றைய அறிவிப்பொலி அனைத்தும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கிவிடும்! தேடியவர்களின் தேவை பொய்யன்று. ஆயினும் அவர் திரும்பிக் கப்பர்நகூமுக்குப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எங்கே போக வேண்டும் என்ற தெளிவு அவருக்கு அந்த இருட்டு வேளையில் கிடைத்தது என்றே நான் வாசிக்கிறேன். போதகர்கள் வேறுவிதமாகவும் விளக்கலாம்.

இப்போது என் கைப்பேசி இரவில் சமையலறையில் உறங்குகிறது. எழுப்பும் வேலையைப் பழையபடி ஒரு கடிகாரம் செய்கிறது. மேசைமேல் அச்சிட்ட வேதாகமம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஒரு தந்தை எழுந்து, "அவசரம் என்றால் என்ன செய்வது, டீச்சர்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. "எந்நேரமும் எழுதுங்கள், ஆறேகாலுக்கு எல்லாவற்றையும் படித்துவிடுவேன். அவசரம் என்றால் அழையுங்கள், சமையலறையில் மணி அடிப்பது என் அறைக்குக் கேட்கும்" என்றேன். அதன்பின் இருமுறை அழைப்பு வந்தது. இரண்டும் உண்மையான அவசரங்கள். இரண்டு முறையும் ஜெபத்தை விட்டு எழுந்தேன். அதில் எனக்கு உறுத்தல் இல்லை.

கைப்பேசியை அப்பால் வைத்தால் மனமும் அடங்கிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். எவாகிரியஸிடம் கைப்பேசி இருந்ததா என்ன? கண்ணை மூடியதும் கால அட்டவணை வரும், தேர்வுத்தாள் வரும். காசியன் பவுல் என்னும் துறவியைப் பற்றி எழுதுகிறார். அவர் இருந்த இடத்திலிருந்து சந்தைக்கு ஏழு நாள் நடை. பின்னிய ஓலைவேலையை விற்க வழியில்லை. ஆயினும் மனம் அலையாதிருக்க நாள்தோறும் பின்னுவார். ஆண்டு முடிவில் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் எரித்துவிடுவார். (நம் ஆண்டிறுதிக் கோப்புகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.) நான் ஓலை பின்னுவதில்லை. அன்று வாசித்த வசனங்களைக் குறிப்பேட்டில் கையால் எழுதுகிறேன். கை நகரும்வரை மனம் ஓரளவு உடன் வருகிறது.

காசியன் கற்பிக்கும் இன்னொன்றும் உண்டு. தேவனே விரைந்து துணைக்கு வாரும் என்று மன்றாடும் 70ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை, எந்த வேலையிலும் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லும் பழக்கம் அது. ஆசிரியப் பணிக்கு இது நன்கு பொருந்துகிறது. ஒரு வகுப்பறையிலிருந்து மற்றொன்றுக்கு நடக்கும் தாழ்வாரத்தில் மூன்று முறை சொல்ல முடிகிறது. நான்காம் முறைக்குள் எவராவது ஓடிவந்து, "டீச்சர், அவன் என் அழிப்பானை எடுத்துக்கிட்டான்" என்று முறையிட்டுவிடுகிறார்கள்.