அந்நியன் பாறைக்கு வழி கேட்கிறவர்கள்

ஜூன், சாரல் பிடித்த வாரம்

தென்காசி ரயில் நிலைய வாசலில் ஆட்டோ பிடிக்கிறவர்கள் முன்பெல்லாம் ஐந்தருவி, பழைய குற்றாலம் என்றுதான் கேட்பார்கள். இப்போது கொல்லம், புனலூர்ப் பக்கமிருந்து வரும் பையன்கள் இறங்கியதும் கேட்பது, "சேட்டா, அந்நியன் பாறைக்கு எத்தனை?" மேலகரத்தில் குடியிருக்கும் ஓர் ஆட்டோக்காரருக்கு இந்தச் சவாரி என்றால் தனி உற்சாகம். சுந்தரபாண்டியபுரம் போய்ச் சேரும்வரை சினிமா பேசலாம். இரவு வண்டியை நிறுத்திய பிறகு, பார்த்த படத்தைப் பற்றி நோட்டில் எழுதிவைப்பது அவர் வழக்கம். சினிமாவை முறையாகப் படித்தவர் இல்லை, ரசிகர். ஆனால் படப்பிடிப்புக் குழுக்கள் வருவதும் போவதுமாக இருக்கும் வட்டாரத்தில் வளர்ந்தவர். அதனால் எந்தப் படமானாலும் அவர் முதலில் பார்ப்பது ஊரைத்தான்.

2005 ஜூனில் வந்த 'அந்நியன்' படத்தின் 'அண்டங்காக்கா' பாட்டுக்காக ஷங்கரும் கலை இயக்குநர் சாபு சிரிலும் அந்தக் கிராமத்தையே வண்ணத்தில் முக்கியெடுத்தார்கள். பாறைகளில் நடிகர்களின் முகங்கள் எழுந்தன. படம் எடுத்து இருபது வருஷம் ஆகியும் அந்தப் பாறை முன்னால் செல்ஃபி எடுக்கக் கூட்டம் வருகிறது. அந்த உழைப்பை அவர் மதிக்கிறார். ஆனாலும் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறார்: "பாறையை அவர்கள் சுவராகப் பார்த்திருக்கிறார்கள். அது பாறையாகவே இருக்கும் படம் எங்கே?"

இந்தக் கேள்வி மேலகரத்துக்காரர் ஒருவர் கேட்க வேண்டியதுதான். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. மலையை, அருவியை, அங்கே விளையாடும் குரங்குகளை அவர் பார்த்த பார்வைக்காக நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் நிலமே கொடுத்தார். குறவஞ்சி மேடு என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஜூன் கடைசி

அதே சுந்தரபாண்டியபுரத்தில் 'அந்நியன்' படத்துக்கும் முன்பே, 1992இல் மணிரத்னத்தின் 'ரோஜா' வந்து போயிருக்கிறது. கதையிலும் ரோஜாவின் ஊர் சுந்தரபாண்டியபுரம்தான். உள்ள ஊரின் பெயரை உள்ளபடியே வைத்ததற்காக இயக்குநருக்கு ஆட்டோக்காரர் ஒரு பக்கம் முழுக்க நன்றி எழுதியிருக்கிறார்.

அந்தப் படத்தைப் பற்றி அவருடைய கணிப்பு ஊரார் கணிப்போடு ஒத்துப்போகாது. தேசபக்தி, எரியும் கொடி, பனிமலை என்று எல்லோரும் இரண்டாம் பாதியைச் சொல்வார்கள். அவருக்கோ முதல் அரைமணி நேரம்தான் படம். கல்யாண வீட்டில் பாட்டிகள் ஆடுகிற ஆட்டத்தில் இருக்கும் உயிர், பிற்பாதியில் வருகிற ஒருவரிடமும் இல்லை என்கிறார். அதற்குக் காரணமும் சொல்கிறார். கலவரச் சூழலால் காஷ்மீரில் படம் பிடிக்க முடியாமல், மணாலியையும் குன்னூரையும் காஷ்மீராகக் காட்ட வேண்டியிருந்தது. சந்தோஷ் சிவனின் கேமரா அங்கேயும் அழகைக் காட்டியது. மனிதர்களைக் காட்ட அங்கே ஆள் இல்லை. தீவிரவாதி ஒருவன், அவன் தங்கை ஒருத்தி, அவ்வளவுதான் காஷ்மீர்.

ஜூலை, ஞாயிறு

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அதனால் இந்தப் பக்கத்தில் மலையாளப் படம் பார்க்க யாருக்கும் சப்டைட்டில் வேண்டாம். 2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வந்தபோது தமிழ்நாடு முழுக்க அப்படியே ஆனது. டப்பிங் செய்யாமலே வாரக்கணக்கில் ஓடியது. அந்தப் படத்தை இந்த மாதம் அவர் திரும்பவும் பார்த்தார், கூடவே 'குணா'வையும்.

1991 தீபாவளிக்கு 'தளபதி'யோடு வந்து பின்தங்கிப்போன படம் 'குணா'. சந்தான பாரதி இயக்கம், வேணு ஒளிப்பதிவு. கொடைக்கானலில் பிசாசின் அடுக்களை என்று வெள்ளைக்காரர்கள் பெயர் வைத்திருந்த பள்ளம் அந்தப் படத்தால் குணா குகை ஆனது. வசூலில் தோற்ற ஒரு படம் ஒரு குகைக்கே பெயர் வைத்துவிட்டது. கல்ட் படம் என்று எதையெதையோ சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பது அவர் கேள்வி.

'கண்மணி அன்போடு' பாட்டை 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' இயக்குநர் சிதம்பரம் எங்கே வைத்திருக்கிறார் என்பதைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது. 'குணா'வில் அது ஒருவனுடைய பித்து. வெளியுலகம் வேண்டாம் என்று குகைக்குள் ஒளிந்துகொண்டவனின் பாட்டு. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் அதே பாட்டு, குகைக்குள் விழுந்தவனை வெளியே இழுக்கும்போது ஒலிக்கிறது. இளையராஜாவின் மெட்டில் ஒரு சுரம் மாறவில்லை, கதையில் அதன் திசை நேர் எதிர். முப்பது வருஷத்துக்கு முந்தைய படத்தை இப்படிப் படித்துப் பார்க்க ஒரு மலையாள இயக்குநர் வர வேண்டியிருந்ததே என்பதில் அவருக்கு வருத்தம் கிடையாது, சந்தோஷம்தான்.

எழுத்தாளர் ஜெயமோகன் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தைக் கடுமையாக விமர்சித்தார். குடித்துக் கூத்தடிக்கும் கூட்டத்தைப் படம் கொண்டாடுகிறது என்றார். குற்றாலத்தில் வருஷா வருஷம் வழுக்குப் பாறையில் ஏறும் பையன்களைப் பார்க்கிற ஆட்டோக்காரருக்கு அந்தக் கோபம் புரிகிறது. பாட்டில் சில்லு கிடக்கும் அருவிக்கரையை அவரைவிட யார் அறிவார்? ஆனாலும் படத்தின் பக்கம்தான் நிற்கிறார். அஜயன் சாலிசேரி செட்டாகப் போட்ட அந்தக் குகை, உள்ளே போனவனை மன்னிப்பதே இல்லை. ஈரமும் இருட்டும் அவனைத் தின்கின்றன. எச்சரிக்கைப் பலகையால் முடியாததை அந்தக் காட்சி செய்கிறது என்று எழுதியிருக்கிறார்.

ஜூலை, மழை வலுத்த இரவு

சவாரி இல்லை. வீட்டில் மகளோடு 'அவள் அப்படித்தான்'. 1978, ருத்ரையா. கறுப்பு வெள்ளை. வசனத்தில் பங்கு நம்ம வண்ணநிலவனுக்கு. திருநெல்வேலிக்காரர் என்பதைச் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. நல்லுசாமியும் ஞானசேகரனும் கேமராவைத் தூக்கிக்கொண்டு சென்னைத் தெருவுக்குப் போயிருக்கிறார்கள். பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிற அருணாக கமல், ஆணவம் பிடித்த தியாகுவாக ரஜினி, மஞ்சுவாக ஸ்ரீப்ரியா. இரண்டு பெரிய நட்சத்திரங்களும் ஒரு பெண்ணின் கதையில் ஓரமாக நின்ற படம்.

படம் முடிந்ததும் மகள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்: "எப்பா, அவ்வளவு பொம்பளைங்கட்ட மைக்க நீட்டிக் கேள்வி கேட்டாரு. பக்கத்துல இருக்க மஞ்சுவ மட்டும் கடைசி வரைக்கும் கேக்கவே இல்லையே."

இதைவிடச் சிறந்த விமர்சனத்தை அந்தப் படத்துக்கு அவர் படித்ததில்லை. கடைசியில் அருண் வேறொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். காரில் புதுப்பெண்ணும் மஞ்சுவும் பேசிக்கொள்ளும் அந்தச் சில நிமிடத்தில் யார்மேலும் பழி போடாமல் எல்லோரையும் கூண்டில் ஏற்றுகிறார் ருத்ரையா. அதற்குப்பின் 1980இல் 'கிராமத்து அத்தியாயம்', அதோடு சரி. 2014இல் காலமாகும்வரை மூன்றாவது படம் வரவில்லை. இது தமிழ் சினிமாவின் இழப்பு என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போகக்கூடாது, வெட்கப்பட வேண்டும் என்கிறார்.

ஆகஸ்ட், சூரியகாந்தி பூத்த நேரம்

பூ பார்க்க வந்த கூட்டத்தால் நாள் முழுக்க ஓட்டம். சுருக்கமாகவே எழுதியிருக்கிறார். அக்கா மகனோடு 'ஆரண்ய காண்டம்' பற்றிச் சண்டை.

"மாமா, சிங்கப்பெருமாள்தான் மாஸு. ஜாக்கி ஷெராஃப் சும்மா மெரட்டியிருப்பாரு."

"போல. அந்தப் பையன் கொடுக்காப்புளிய விட்டுட்டு என்னத்தப் பாத்த?"

2011இல் வந்த அந்தப் படத்துக்கு 52 வெட்டு கேட்டது தணிக்கைக் குழு. தீர்ப்பாயம் வரைக்கும் போய்த்தான் வெளியே வந்தது. புதுமுக இயக்குநருக்கான தேசிய விருது தியாகராஜன் குமாரராஜாவுக்கும், படத்தொகுப்புக்கான விருது பிரவீனுக்கும் ஸ்ரீகாந்துக்கும் கிடைத்தன. தியேட்டரில் ஆள் இல்லை. இன்றைக்கு அதன் வசனத்தைச் சொல்லாத கல்லூரி விடுதி இல்லை. அக்கா மகன் துப்பாக்கியையும் வசனத்தையும் பார்க்கிறான். அவர் பார்ப்பது சேவல் சண்டைக்குப் பிழைக்க வந்து எல்லாவற்றையும் இழந்த காளையனையும், அந்தக் குடிகார அப்பனை விட்டுக்கொடுக்காத மகனையும். ஜமீன் வாழ்வு போய்த் தெருவுக்கு வந்த குடும்பத்தைத் தெற்கத்திக்காரனால் அடையாளம் காண முடியும். சோமசுந்தரம் அந்த வேடத்தில் கெஞ்சும்போதுகூட முதுகில் பழைய பெருமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகஸ்ட், மூன்றாம் வாரம்

2024இல் இதே மாதம் 23ஆம் தேதி இரண்டு படங்கள் ஒரே நாளில் வந்தன. மாரி செல்வராஜின் 'வாழை', பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'. கூட்டம் 'வாழை'க்குப் போனது. 'கொட்டுக்காளி' பார்த்துவிட்டு, முடிவே இல்லாமல் முடிந்துவிட்டது என்று ஏசிக்கொண்டே வந்தவர்களை அவரே ஆட்டோவில் ஏற்றி வந்திருக்கிறார்.

'வாழை' அவரை அழவைத்தது. வாழைத்தார் சுமந்து கழுத்து நோகும் சிறுவனின் வலி தாமிரபரணிக் கரையில் எந்த வீட்டுக்கும் அந்நியமில்லை. சாவு விழுந்த வீட்டில் பசி தாங்காமல் சோற்றில் கைவைக்கிறானே, அந்த இடம் தமிழ் சினிமாவில் இதுவரை வராத இடம். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இசை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அழு, அழு என்று தோளைப் பிடித்து உலுக்குகிறது. அந்தச் சிறுவன் ஒருவனே போதும் என்று இயக்குநர் நம்பியிருக்கலாம்.

'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஷேர் ஆட்டோ இரைச்சல், சேவல் கூவல், சூரியின் கட்டிப்போன தொண்டை. மீனா ஏறக்குறைய பேசுவதே இல்லை. அவளாக வரும் அன்னா பென் கண்ணாலேயே ஒரு குடும்பத்தை எதிர்த்து நிற்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவர் என்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்கிறார்: வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்களின் மௌனத்தை இவ்வளவு சரியாகப் பிடித்த படம் வேறில்லை. பாதி வழியில் ஒரு வார்த்தை தடித்துவிட்டால் அப்புறம் இறங்கும்வரை எல்லோரும் ரோட்டைத்தான் பார்ப்பார்கள். பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்ட படம் என்பதால் இதைப் புகழவில்லை. இன்னும் பத்து வருஷத்தில் 'ஆரண்ய காண்டம்' இருக்கும் இடத்தில் இது இருக்கும் என்று நம்புகிறார்.

செப்டம்பர்

'கேப்டன் மில்லர்' படத்துக்கு மத்தளம்பாறையில் போட்ட செட்டை ஊரே போய் எட்டிப் பார்த்தது. புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2023இல் புகார் எழுந்து, மாவட்ட நிர்வாகம் படப்பிடிப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தியது. கோயிலுக்குள் விடப்படாத ஜனங்களின் கதை வலுவான கதை. படம் பாதி தாண்டியதும் துப்பாக்கிச் சத்தத்தில் அவர்கள் முகம் மறைந்துவிடுகிறது.

'மெய்யழகன்' வேறு ரகம். 1996இல் வீட்டை இழந்து தஞ்சாவூரை விட்டுப் போனவன், ஒரு கல்யாணத்துக்காகத் திரும்பி வருகிற ஒரு ராத்திரி. நீளம் என்று குறை வரவே, வெளியான சில நாளில் 18 நிமிடம் வெட்டினார்கள். பேச்சுதான் அந்தப் படம். பேச்சை வெட்டினால் எதை மிச்சம் வைப்பது? வெட்டாத பிரதியைத்தான் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று அடிக்கோடிட்டிருக்கிறார்.

தீபாவளிக்குப் பிறகு

'பைசன்' பார்த்தாயிற்று. கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை என்பதால் தெற்கே ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு உரிமை. துருவின் உடம்பு கபடியைப் பேசுகிறது. பசுபதி, மகன் ஊரைத் தாண்டிப் போனால்தான் பிழைப்பான் என்று பயந்து பயந்து நிற்கும் அப்பாவாக, வசனமே வேண்டாத நடிப்பு.

அதற்கு அடுத்த பக்கத்தில் 'ஏழாவது மனிதன்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. 1982, கே.ஹரிஹரன் இயக்கம், ரகுவரனின் முதல் தமிழ்ப் படம். திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிமென்ட் ஆலை, அதன் தூசியில் மூச்சுமுட்டும் ஊர், அங்கே வேலைக்கு வரும் இளம் பொறியாளன். பாரதி நூற்றாண்டில் வந்த படம் என்பதால் பாட்டெல்லாம் பாரதியுடையவை, எல்.வைத்தியநாதன் இசை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. பாரதி வாழ்ந்த கடையம் இங்கிருந்து ஒரு சவாரி தூரம். ஆனாலும் தன்னோடு படித்த கூட்டாளிகளில் ஒருவரும் இதைப் பார்த்ததில்லை என்பது அவருக்கு ஆறவில்லை.

மலையாள இயக்குநர் அரவிந்தனின் 'தம்பு'வை மும்பை ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் புதுப்பித்து 2022இல் கான் விழாவில் காட்டியது. ஐந்து லட்சம் பால் விவசாயிகள் ஆளுக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த ஷ்யாம் பெனகலின் 'மந்தன்' 2024இல் அதே விழாவுக்குப் போனது. 'ஏழாவது மனித'னும் 'அவள் அப்படித்தா'னும் அந்த வரிசையில் நிற்க வேண்டும். நெகடிவ் எந்தப் பெட்டியில் இருந்தாலும் தேடி எடுக்க வேண்டும் என்று அரசுக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறார். மகள் அதைத் தட்டச்சு செய்கிறாள். புதுப்பித்த பிரதி வந்தால் முதல் காட்சியைத் தென்காசியில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட வேண்டும், டிக்கெட் கூடாது என்பது கடிதத்தின் மூன்றாவது பத்தி.