ராத்திரியில் கூப்பிட்டால்

கும்பகோணத்தில் 38 வருஷம் மருந்துக்கடை வைத்திருந்தேன். ஊர்க்காரர்கள் வீட்டு ரகசியம் பாதி கல்லாவுக்கு வந்துவிடும். அப்படித் தெரிந்த ஒரு பெண்ணை அவளுடைய 9 வயதிலிருந்தே தெரியும். மாதாமாதம் அவள் அப்பா அவளுக்கு இன்சுலின் வாங்க வருவார். வெளியே தெரியாமல் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்வார். நாளைக்கு வரன் அமைய வேண்டுமே!

'இனிப்பாத் தின்னு வரவழைச்சுக்கிட்டா' என்று பேசுகிற ஊர். அவளுக்கு இருந்த முதல் வகைச் சர்க்கரை நோய்க்கும் இனிப்புக்கும் சம்பந்தமே இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடுமாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. 1922-இல் டொராண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி போடும் வரை, இந்த நோய் கண்ட பிள்ளைகள் அதிக நாள் தங்கியதில்லை. இவள் எம்.காம். முடித்து வேலைக்குப் போனாள். என் பக்கத்து ஜெராக்ஸ் கடைப் பையன் மேல் ஆசைப்பட்டாள்.

அவனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. 2016-ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 குறைபாடுகளில் அவனுடையது உண்டு, அவளுடையது இல்லை. அட்டை அவனுக்கு மட்டும்தான். இரண்டு பேர் தலையிலும் பேர் ஒட்டுவதில் மட்டும் ஊர் குறை வைக்கவில்லை.

முதலில் பில் காகிதத்தின் பின்பக்கம் எழுதி எழுதிப் பேசினார்கள். அப்புறம் அவளே வீடியோ காலில் அவனிடம் சைகை கற்றுக்கொண்டாள். ஒருநாள் மதியம் என் கடை வாசலில் நின்று கையாலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று அவன் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். உள்ளே ஓடிவந்து குளுக்கோஸ் பாக்கெட்டைக் காட்டினான். 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று அவள் முறைத்தாள். குத்திப் பார்த்தால் 58. கரைத்துக் குடித்து, கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். எழுதினான்: 'சர்க்கரை இறங்கினா அவ விரல் குழறும் தாத்தா.'

நாக்கு குழறும் என்று ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். விரல் குழறுவதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

இவ்வளவும் பார்த்தவன், அவள் அப்பா யோசனை கேட்டபோது என்ன சொல்லியிருக்க வேண்டும்? 'வேண்டாம்ப்பா' என்றேன். அவர் கேட்ட கேள்வி அப்படி: "ராத்திரி சர்க்கரை இறங்கி இவ கூப்பிட்டா, அவனுக்குக் கேக்குமாண்ணே?"

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏகாதசி விரதமிருந்த என் மனைவி, சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல விழுங்கிவிட்டுப் படுத்தாள். காலையில் நான் பார்க்கும்போது ரவிக்கை நனைந்து, வார்த்தை சரியாக வராமல் கிடந்தாள். நல்லவேளை, விழுங்கும் நினைவிருந்தது. 'ரெண்டு தடவை கூப்பிட்டேன்' என்றாள் பிறகு. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். மருந்துக்கடைக்காரன் வேறு.

மறுநாள் அதே கேள்வியைப் பையனிடம் எழுதிக் காட்டினேன். அவன் கோபிக்கவில்லை. 'கேக்காது. சின்ன வயசுலேர்ந்து என்னைத் தொட்டுத்தான் எழுப்புவாங்க. விரல் பட்டாப் போதும்' என்று எழுதினான். பிறகு கைக்கடிகாரத்தைக் காட்டினான். அவள் தோளில் ஒட்டுகிற சென்சார் சர்க்கரை இறங்கினால் போனுக்குச் சொல்லுமாம், இது அதிருமாம். சென்சார் வாங்கக் காசில்லாத மாதம்? மூன்று மணிக்கு அதிரும்படி வைத்துக்கொண்டு, எழுந்து அவள் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பானாம். இதையெல்லாம் இருவரும் எப்போதோ பேசி முடித்திருந்தார்கள். நாங்கள்தான் எதுவும் தெரியாமல் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தக் காகிதத்தை அவள் அப்பாவிடம் கொடுத்து, நான் சொன்னது தப்பு என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

ஜன்னலோரம் தனியாகக் கிடந்த என் கட்டிலை இழுத்து மனைவியின் கட்டிலோடு சேர்த்துப் போட்டேன். 71 வயதில் இதென்ன கூத்து என்று கேட்டாள். காது மந்தமாகிவிட்டது என்று பொய் சொன்னேன்.